பிச்சைக்குப் பேரம் கிடையாது

நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சு மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் டஜன் முப்பது சென்ட். இரந்து வாங்கினால் ஒன்றின் விலை ஒரு மானம்.

அந்த விலையைக் கொடுக்கத்தான் நுன்சியா கலோஜெரோவின் கடை வாசலில் வந்து நின்றாள்.

மூன்று கடைக்குச் சொந்தக்காரி அவள். எதிர்வரிசையில் அவள் கடையிலேயே எலுமிச்சை மலையாகக் குவிந்து கிடந்தது. ஆனால் சூசையப்பர் திருநாளுக்கு விருந்து வைப்பதாக நேர்ந்துகொண்டவள் ஒரு பொருளையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது, தன் கடையிலிருந்தும் எடுக்கக் கூடாது. மடிப்பிச்சைதான். சிசிலியிலிருந்து இந்த வியாபாரிகளோடு கப்பலேறி வந்த சட்டம் அது.

மார்க்கெட்டில் இருக்கிற சிசிலிக்காரர் கடை ஒன்று விடாமல் ஏந்துவதாக அவள் நேர்ந்திருந்தாள். ஒரு கடை கைவிரித்தாலும் நேர்ச்சை பழுது.

பூண்டு, ஆலிவ், மாவு, நெத்திலிக் கருவாடு என்று எல்லாக் கடையும் போட்டாயிற்று. மிச்சம் கலோஜெரோ கடை.

எட்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. கலோஜெரோவின் கட்டைவிரலை மட்டும் தராசில் வைத்தால் நாலு அவுன்ஸ் நிற்கும் என்று ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவள் சொல்லிவிட்டாள். அது உண்மையாக இருந்ததுதான் பெரிய குற்றம்.

இப்போது அவள் அவன் வாசலில் நிற்பதை மார்க்கெட்டே பார்த்தது.

காப்பிக் கடையில் இருந்த வெளியூர்க்காரர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஐரிஷ்காரப் போலீஸ் மல்லிகன் தடியில் கை வைத்தான். சிசிலிக்காரன் சிரித்தால் கத்தி, சிரிக்காவிட்டால் துப்பாக்கி என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கலோஜெரோவுக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பேச்சு ஊரில் இருக்கும்வரை அவன் கடையில் எவனும் கடன் சொல்லிப்போட்டுக் கம்பி நீட்டுவதில்லை.

“சூசையப்பர் பேரால மடிப்பிச்சை போடுங்கண்ணே. ஒரு எலுமிச்சம்பழம்.”

“போடுறேன் தாயி. அதுக்கு முன்னாடி, என் கட்டைவிரலைப் பத்திப் பேசினது பொய்னு சத்தமாச் சொல்லு. மல்லிகன் காதுக்கும் எட்டணும்.”

“பிச்சைக்குப் பேரம் கிடையாது.”

“அப்ப நில்லு.”

நின்றாள்.

கலோஜெரோ அவளைச் சுற்றிக்கொண்டே ஆரஞ்சு விற்றான். அவள் தலைக்கு மேலே மீதிச் சில்லறை நீட்டினான். வாழைப்பழக்காரன் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள். ஏந்திய மடி ஏந்தியபடியே இருந்தது.

வியர்த்தது என்னவோ கலோஜெரோவுக்குத்தான். மடியேந்தி நிற்கிற பெண்ணை வாசலில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வியாபாரம் பார்ப்பது? கோபத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

“புருஷனும் போயாச்சு. பெத்த ஒரே பையனையும் கொரியாச் சண்டையில குடுத்தாச்சு. இனி உனக்கு யாரு இருக்கா நேர்ந்துக்க?”

சொன்ன மறுகணமே, வாரி விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது அவனுக்கு.

நுன்சியாவின் மடி அசையவில்லை.

“உங்க மகன் கஸ்பாரேவுக்குத்தாண்ணே. என் சாந்தோவைக் கல்லறையில வெச்ச அன்னிக்கு நேர்ந்தேன். ரெண்டு பேரும் ஒன்னாத்தானே பட்டாளத்துக்குப் போனாங்க? இந்த மார்க்கெட்டுல ஒன்னு போனது போதும், மத்தவனாவது தன் கால்ல நடந்து வரட்டும்னு சூசையப்பர்கிட்ட சத்தமாத்தான் கேட்டேன்.”

கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிவந்த கஸ்பாரே, கடைக்குள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையை மீட்டுத் தந்தாரென்று அப்பன் ஒரு செனட்டருக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பி வைத்திருந்தான்.

சத்தமாகத்தான் கேட்டாள். அன்று கல்லறைத் தோட்டத்தில் மார்க்கெட் முழுக்க நின்றது. எல்லார் காதிலும் விழுந்தது. காலையிலிருந்து ஒரு கடைக்காரனும் யாருக்காக என்று கேட்காமல் அவள் மடியில் போட்டது அதனால்தான். இத்தனை காலத்தில் ஒருவரும் கலோஜெரோவிடம் மூச்சு விட்டதில்லை. சிசிலிக்காரன் வாயைத் திறக்கமாட்டான் என்று ஊரில் சொல்வது மட்டும் நிஜம்.

சாந்தோவுக்கு ஞானத்தகப்பன் கலோஜெரோ. அவன் சவப்பெட்டியின் முன்முனையைத் தாங்க வேண்டிய தோள் அவனுடையது. அன்றைக்கு அவன் வழக்கம்போலக் கடையைத் திறந்து வைத்து, வழக்கத்தைவிட உரக்கக் கூவி விற்றான்.

இப்போது எலுமிச்சைப் பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி அவள் பக்கம் நீட்டினான்.

நுன்சியா தொடவில்லை. அவன் பெட்டியைக் கீழே வைத்து, ஒரே ஒரு பழத்தை எடுத்து மடியில் போடும்வரை காத்திருந்தாள். பழத்தை முத்தமிட்டு முடிந்துகொண்டாள்.

“ஒன்னுக்கு மேல போட்டா அது வியாபாரம்ணே. உங்க விரல் சங்கதி வேற. அது அப்படியேதான் நிக்குது.”

போய்விட்டாள்.

கலோஜெரோ மனசுக்குள் கணக்குப் போட்டான். கொடுத்தது, எலுமிச்சம்பழம் ஒன்று. வாங்கியது, மகன் ஒருவன். பாக்கி, தான் போகாமல் விட்ட ஒரு சாவு.