நாற்பது நாள் குரல்

காதில் குரல் கேட்கிறது என்று வருகிறவர்களுக்கு மாத்திரை எழுத வேண்டுமானால், அரசு மருத்துவர் முதலில் தானே நாற்பது நாள் அப்படியொரு குரலோடு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் ஜெசிந்தாவின் காதுக்குப் பின்னால் கடுகளவு கருவி ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள்.

அன்று முதல் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஒரு கிழட்டுக் குரல் அவளைத் திட்டித் தீர்த்தது. "பால் பொங்குது பாரு, மூதேவி. நீயெல்லாம் ஒரு டாக்டரு!"

முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் எதிர்த்துப் பேசினாள். அப்புறம் வாசல் பூட்டைத் திறக்கும்போதே, "வந்துட்டேன், ஆரம்பி" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

நாற்பத்தோராம் நாள் கருவியைப் பிரித்தெடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஜெசிந்தா கரண்டியோடு அப்படியே நின்றாள். யாரும் திட்டவில்லை.

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் குருவம்மாள் என்ற அறுபது வயதுக்காரி. "செத்துப்போன எங்க மாமியா ராவும் பகலும் ஏசுதா தாயி. மாத்திர தின்னா போயிருவாளா?"

"போயிருவாங்கம்மா." முப்பது நாளைக்கு என்று எழுதிய ஜெசிந்தா, பயிற்சியில் யாரும் சொல்லித்தராத கேள்வி ஒன்றைக் கேட்டாள். "அவங்க போயிட்டா, வீட்டுல உங்ககூட வேற யாரு பேசுவாங்க?"

குருவம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப நீங்க பேசுதீகளே தாயி. மாத்திர தீர்ந்தா மறுபடி வரணும்லா?"

ஜெசிந்தா சீட்டில் முப்பதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினாள்.