இன்னொரு மாசம் மாஸ்டர்

இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடுக்கில், ஒரே திருப்பில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாள் தையல்காரம்மா.

பக்கத்து சீட்டில் டிரைவிங் மாஸ்டரின் கால், தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. மிதிக்க வேண்டி வரவில்லை.

‘போதும், டெஸ்ட்டுக்குப் போங்க’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது.

ஒரு காலத்தில் அதைத் தாராளமாகச் சொன்னவர்தான். தன்னிடம் கற்றுக்கொண்ட ஒரு நர்சுக்கும் சொன்னார். வளைவுகளில் அவள் கை இன்னும் தடுமாறுவது தெரிந்தும், வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்று கெஞ்சினாளே என்று சொன்னார்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே ஒரு வளைவில் எதிரே லாரி.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சாவு வீட்டில் அந்தப் பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாத்தான் கத்துக்கொடுத்தீங்க என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு ஒருவரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பவில்லை. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் ‘இன்னொரு மாசம் போகட்டும்’. ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்தது. சேர்ந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய ரோட்டு டிரைவிங் ஸ்கூலுக்கு நடையைக் கட்டினார்கள்.

டிரைவிங் ஸ்கூலில் கூட்டாளியான தம்பி தலைகீழாக நின்று பார்த்தான்.

“அண்ணே, போனவ திரும்பி வரப்போறதில்ல. இருக்கிறவங்கள்ல ஒருத்தரையாவது அனுப்பு, தொழில் பிழைச்சுக்கும்.”

பிறகு அவனும் பேச்சை விட்டுவிட்டான். காலையில் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, வெளிவேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவான்.

மிச்சமிருந்தது தையல்காரம்மா ஒருத்திதான். முதல் நாளே அவளுக்குக் கிளட்ச் பிடிபட்டது. மிஷின் மிதித்துப் பழகிய கால் அல்லவா என்று நினைத்துக்கொண்டார். எத்தனை ‘இன்னொரு மாசம்’ சொன்னாலும் அவள் முகம் கோணவில்லை.

இன்று ஒரு வளைவில் குறுக்கே வந்த சைக்கிளை, அவருக்கு முன்பே அவள் பார்த்து நிறுத்திவிட்டாள். அதிலிருந்தே அவருக்குள் ஏதோ இளகிக்கொண்டிருந்தது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

“போதும்மா. இனி சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணுமில்ல. டெஸ்ட்டுக்குப் போங்க.”

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. முதலில் தம்பியிடம் சொல்ல வேண்டும். வெளுத்துப்போன போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். விட்டுப்போனவர்களை வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். வெகுகாலம் கழித்து அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் வந்தது.

தையல்காரம்மா ஸ்டியரிங்கை விடாமல் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று சிரித்தார்.

“லைசென்ஸ் வாங்கினப்புறம்தான் மாஸ்டர் உங்ககிட்ட சேந்தேன். கத்துக்கிட்டது பெரிய ரோட்டு ஸ்கூல்ல. உங்க தம்பி இப்ப அங்கதான் வேலை பாக்குறாரு, அவருதான் கத்துக்கொடுத்தாரு. எங்கண்ணன் வாயால ஒரு தடவை போதும்னு வர்ற வரைக்கும் போய்ட்டு வாங்கக்கான்னு கேட்டுக்கிட்டாரு.”

மிச்சத்தையும் அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் பர்மிட் காலாவதியாகி, தம்பி அதைப் புதுப்பிக்கவில்லை. இந்த வண்டியை வாங்கவும் ஆள் பார்த்தாகிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கைமாற்றாமல் வைத்திருந்தான்.

மாஸ்டர் சீட் பெல்ட்டை அவிழ்க்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல் மெல்லக் கேட்டாள்.

“நீங்க இன்னும் போதும்னு சொல்லலைன்னு தம்பிகிட்ட சொல்லிடட்டுமா மாஸ்டர்?”