தூசி மூடி

சோப்பு நுரையில் ஒரு குமிழ்கூட எழவில்லை.

சோதனைக்காகக் கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு, காரின் ஏசி குழாய்கள் சேரும் இடங்களில் எல்லாம் மெக்கானிக் யாசின் இரண்டாவது முறையாக நுரையைத் தடவினான். கேஸ் கசிகிற இடத்தில் நுரை குமிழாக எழ வேண்டும். எழவில்லை. ஆனால் போன வருஷம் அவன் நிரப்பிய கேஸ் இந்த மாசிக்குள் காணாமல் போயிருந்தது.

"போன தடவை பழியை டிரைவர் சோலைமலை தலையில போட்டோம். இந்தத் தடவை யார் தலையில போடப்போறீங்க பாய்?" என்று சிரித்தார் மோகன்குமார். கார் அவருடையது. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார்.

யாசினுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷமும் இதே கோளாறுதான். அன்று அவன் பொறுமையாக விளக்கினான். கேஸோடு சேர்ந்து ஓடுகிற எண்ணெய்தான் கம்ப்ரஸரில் கேஸ் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீலை ஈரமாக வைத்திருக்கும். குளிர்காலம்தானே என்று மாதக்கணக்கில் ஏசியைத் தொடாமல் விட்டால் சீல் காய்ந்து கேஸ் போய்விடும். வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் போதும்.

அப்போது சோலைமலை பக்கத்திலேயே நின்றிருந்தான். "வெள்ளிக்கு வெள்ளி போட்டேன் பாய், சத்தியமா."

"போட்டிருந்தா சீல் எப்படி அப்பு காயும்?" என்று கேட்டான் யாசின்.

அந்த ஒரு கேள்வியில் சோலைமலையின் ஆறு வருஷ வேலை போயிற்று. இப்போது அய்யலூர் சந்தையில் ஆடு ஏற்றி இறக்குகிறான்.

இந்தக் குளிர்காலத்தில் காரை ஓட்டியது மோகன்குமாரேதான். ஞாயிறுதோறும் அலாரம் வைத்து ஏசி போட்டிருக்கிறார். அப்படியும் கேஸ் போய்விட்டது.

அப்படியானால் சீல் இல்லை.

நுரை படாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கேஸ் ஏற்றும் வாய். அதில் அவனுடைய ஹோஸ் மாட்டியிருந்தது. எப்போது சோதித்தாலும் மாட்டியேதான் இருக்கும்.

ஹோஸைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சொட்டு நுரை வைத்தான்.

மிளகளவு குமிழ் ஒன்று மெல்ல எழுந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

வாய்க்குள் இருந்த ஊசி வால்வில் மண் அப்பியிருந்தது. மண் இருந்தால் ஊசி முழுதாக மூடாது. மண் விழாமல் காக்க மேலே ஒரு மூடி இருக்க வேண்டும், இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அதைக் கழற்றித் தொலைத்தது யாசின்தான். போன வருஷமும் அது இல்லாததைப் பார்த்தான். தூசி மூடிதானே என்று விட்டுவிட்டான்.

"என்ன பாய், சீல்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்துவிடும். யாசின் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"இல்லண்ணே. மூடி போடாம விட்டது நான்தான். சோலைமலை வாராவாரம் போட்டிருக்கான்."

மோகன்குமாரின் சிரிப்பு நின்றது. போனை எடுத்து எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, பேட்டரி மேல் வைத்தார்.

"என்கிட்ட எதுக்கு? அவன்கிட்டயே சொல்லுங்க."

ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே சோலைமலையின் குரல் கேட்டது. "சொல்லுங்கண்ணே."

யாசின் குனிந்தான். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. தெரிந்ததிலிருந்து தொடங்கினான்.

"யாசின் பேசுறேன் அப்பு. சீல் நல்லாத்தான் இருக்கு. ஊசி வால்வை மாத்தி, ஒரு மூடியப் போட்டா கசிவு நின்னுரும். அரை மணி நேர வேலை."