ஐஸ் குழாய்க்கு ஒரு ஜாயிண்ட்

திண்டிவனம் வட்டாரத்தில் ஓடும் தண்ணீரெல்லாம் பிளம்பர் சவுரிராயன் பேச்சைக் கேட்டுத்தான் ஓடியது. இதை அவனே பல இடங்களில் சொல்லியிருக்கிறான்.

அன்று செண்பகம் அக்கா வீட்டில், தானே ஐஸ் கட்டி போடும் புது ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்க வந்திருந்தான்.

“இந்த வீட்டுக் குழாயெல்லாம் எங்க வீட்டுக்காரரு கையால போட்டது. அவரு போனப்புறமும் அவரைக் கேட்டுத்தான் தொடுவேன். நீயும் ஒரு வார்த்த கேட்டுடுப்பா.”

“போய்ச் சேந்தவரைக் கேட்டுக்கினு ஜாயிண்ட் போட, நான் பிளம்பரா பூசாரியாக்கா?”

பிளாஸ்டிக் ஜாயிண்டைப் போட்டான். சொட்டியது. கழற்றி, டேப் சுற்றி, மறுபடி போட்டான். சொட்டியது.

“இன்னொரு தபா ஒழுகினா விழுப்புரத்து ஆளைக் கூப்பிட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டு அக்கா மல்லாட்டைக் கடலை உரிக்க வாசலுக்குப் போனாள்.

சவுரிராயன் வால்வை மூடினான். குழாய் சொட்டியது. மாடித் தொட்டியையே காலி செய்துவிட்டு வந்தான். அப்போதும் சொட்டியது.

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, பிளாஸ்டிக் ஜாயிண்டைக் கழற்றி நீட்டி, “அண்ணே, இதுவா?” என்று மெல்லக் கேட்டான்.

சொட்டியது.

பையிலிருந்து பித்தளை ஜாயிண்டை எடுத்து நீட்டினான்.

“இதுங்களா?”

சொட்டு நின்றது.