பொத்திய கை

மூடியிருக்கும் எதைக் கண்டாலும் அருள்தாசுக்குக் கை சும்மா இருக்காது. கெட்ட எண்ணமென்று சொல்லிவிட முடியாது. குழம்பு கொதிக்கும்போது மூடியைத் தூக்கிப் பார்ப்பதுபோலவேதான் மனைவி ஜெசிந்தாவின் கைப்பையையும் செல்போனையும் திறந்து பார்ப்பான். அன்று அவள் கிரீம் பஃப் என்ற பலகாரத்துக்காக வெண்ணெய் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மைதாவைக் கொட்டிக் களி கிண்டுவதுபோல் கிண்டி, ஆறியதும் முட்டைகளை ஒவ்வொன்றாக ஊற்றித் தோள் கடுக்க அடித்தாள். மாவைச் சின்னச் சின்னக் குவியல்களாகத் தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், அவன் கை கைப்பிடிக்குப் போனது. "தொறக்காதீங்க. ஆவி போயிட்டா அப்படியே அமுங்கிடும்" என்றாள். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை முக்காலியில் உட்கார வைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் குவியல்கள் உப்பிச் சிவந்தன. வெளியே எடுத்ததும் ஊதி ஊதி ஒன்றைப் பிய்த்தான். "என்ன ஜெசி, உள்ள ஒண்ணுமே இல்ல?" "அப்படித்தான் இருக்கணும். அந்தக் காலி எடத்துக்குத்தான் இவ்வளவு பாடு." நம்பாமல் இன்னொன்றைப் பிய்த்தான். பிறகு அடுத்ததை. தட்டு நிறைய வெறும் கூடுகள் கிடந்தன. மிஞ்சிய ஒன்றை ஜெசிந்தா முந்திக்கொண்டு எடுத்து, நசுங்காமல் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அதன் சூடு விரல்களில் மெல்ல ஏறியது. அவள் கையை நோக்கி நீண்ட அவன் கை பாதியில் நின்றது. "பாக்கட்டுமா?" என்று முதல்முறையாகக் கேட்டான். பொத்திய கையை அவள் உடனே திறக்கவில்லை.