கை சொன்ன கதை

பனமாலி பாபு அந்தக் கையைப் பிடித்தது தன் ஜிப்பாப் பைக்குள்ளேயே. பர்ஸ் பாதி வெளியே வந்திருந்தது. “திருடன்! திருடன்!” என்று அவர் போட்ட கூச்சலில், சீட்டாடிக்கொண்டிருந்த நால்வரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.

சியால்தா ஸ்டேஷனுக்குப் போகும் காலை லோக்கல் ரயிலில் மூச்சு விட இடம் கிடைக்காது. ஆனால் திருடன் ஒருவன் அகப்பட்டுவிட்டால், அவனை அடிக்கக் கை ஓங்குகிற அளவுக்கு எப்படியோ இடம் வந்துவிடும்.

ஆள் ஒடிசல். நாற்பது வயதிருக்கும். விரல்களில் கறுப்பு மை அப்பியிருந்தது.

“மையைப் பாருங்க! போலீஸ் ஸ்டேஷன்ல ரேகை எடுத்து அனுப்பியிருக்காங்க. வெளிய வந்ததும் தொழிலுக்கு வந்துட்டான்!” என்றார் சீட்டாட்டக்காரர் ஒருவர்.

“பாராசாத்ல இறக்கிப் போலீஸ்ல குடுத்துடலாம்.”

“அவங்க அடிக்கிறதுக்கு நாம எதுக்குப் புடிச்சுக் குடுக்கணும்? கை நமக்கு இல்லையா?”

நியாயமான கேள்விதான். பனமாலி பாபு முதல் அறையை விட்டார். அவன் கன்னம் சிவந்துவிட்டது. பின்னால் பத்துப் பேர் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாராசாத் வருவதற்குள் இவன் எலும்பு தேறுமா என்பதே சந்தேகம்.

“அடிங்க, அடிங்க. ஆனா இதுவரைக்கும் பாக்கெட் சொன்ன கதையத்தானே கேட்டீங்க? கை சொல்ற கதையையும் கேட்டுட்டு அடிங்க.”

குரல் வந்தது ஜன்னலோரத்திலிருந்து. அங்கே ஜோல்னாப் பையும் தாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“நீ யாருய்யா, இவன் வக்கீலா?”

“கதை எழுதறவன்.”

“வேலை இல்லாதவன்னு சொல்லு!” பெட்டியே சிரித்தது. தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான்தான் அந்தக் கை. எனக்கு முன்னால ஒரு முதுகு. அதுக்குக் கீழ ஒரு பை, அதுல ஒரு பர்ஸ். நான் தேடறது காசு இல்லை, சாவி. இந்தக் கைக்காரனோட பொண்ணை ஒரு வீட்டுல வெச்சுப் பூட்டியிருக்காங்க. அந்த வீட்டுச் சாவி இந்த பர்ஸுக்குள்ள இருக்கு.”

பத்து ஜோடிக் கண்கள் பனமாலி பாபு பக்கம் திரும்பின.

“அடப்பாவி! பொண்ணைப் பூட்டியா வெச்சிருக்கே?” என்றார் பொரி விற்பவர்.

“ஐயையோ! நான் தபால் ஆபீஸ் கிளார்க்குங்க!” பனமாலி பாபு பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் பதறிப்போய்ப் பர்ஸைத் திறந்தார். கொஞ்சம் ரூபாயும் காளி படமும் சீசன் டிக்கெட்டும்தான் இருந்தன. “பாருங்க, சாவி இல்லை!”

“அப்ப வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்கான்” என்றது பின்வரிசை.

“கதையைக் கேளுங்கய்யா!” என்று இன்னொருவர் அதட்டினார். பெட்டி அடங்கியது.

“பூட்டின வீட்டுக்குள்ள புகை. பொண்ணு கதவைத் தட்டறா. படியில செருப்புச் சத்தம் கேக்குது. யாரோ ஏறி வர்றாங்க. இங்க என் விரல் பர்ஸைத் தொட்டாச்சு. அந்த நேரம் பார்த்து பர்ஸுக்காரன் மெதுவாத் திரும்பறான். அவன் முகத்தைப் பார்த்ததும் நான் விறைச்சுப் போயிட்டேன். ஏன்னா அந்த முகம்…”

சிக்னலில் வண்டி குலுங்கி நின்றது. தாடிக்காரரும் நிறுத்திவிட்டு எழுந்தார். “அடுத்தது பாராசாத். இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க.”

“யார் முகம்யா அது?”

“பொண்ணு பொழைச்சாளா?”

“சொல்லாம நீ இறங்க முடியாது!” வாசலை மறித்துக்கொண்டு நின்றவர்கள், சற்று முன் சட்டையைச் சுருட்டிய அதே ஆட்கள்.

தாடிக்காரர் பெருமூச்சு விட்டு ஜோல்னாப் பையைத் திறந்தார். உள்ளே ஒரே நாவல், கட்டுக் கட்டாக. “எல்லாம் கடைசி அத்தியாயத்துல இருக்கு” என்றார்.

தீபாவளிக் கடையில் பட்டாசு போவதுபோல் புத்தகம் பறந்தது. பனமாலி பாபு இரண்டு பிரதி வாங்கினார். கதையில் தனக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று தெரிந்துகொள்ளும் பதற்றம் அவருக்கு. பாராசாத்தில் திருடன் இறங்கியபோது, படித்துக்கொண்டே காலை மடக்கி வழிவிட்டவரும் அவர்தான்.

பிளாட்பாரத்து டீக்கடையில் அந்தத் திருடன் மை அப்பிய விரல்களால் சூடான மண்குவளையைப் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நின்றான். தாடிக்காரர் காலிப் பையை உதறியபடி அவனிடம் வந்தார்.

“ஒண்ணுகூட மிச்சமில்லை! ரெண்டாம் பதிப்பு எப்ப போடறே?”

“போடறேன். ஆனா பதிப்பாளன் பாடு அச்சுக்கூலியோட சரி. இனிமே அடி வாங்கறது எழுதினவன் பாடு!”