பச்சை ஒளிர்ந்த இடம்

நாய்க்குத் தெள்ளுப்பூச்சி என்றால் வாலடியைக் கடித்துக்கொள்ளும். சொறிப்பூச்சி என்றால் காதோர முடி கொட்டும். வட்டவட்டமாக முடி உதிர்ந்தால் பெரும்பாலும் படர்தாமரை. அது மனிதரிடமிருந்தும் நாய்க்குத் தொற்றலாம். பரிதி வீட்டு நாய் பக்கோடாவுக்கு வந்திருந்ததும் அதுதான். அதன் புதிய கழுத்துப்பட்டைக்கு இதெல்லாம் தெரியும். அதே படர்தாமரைப் பூஞ்சை உள்ள மனிதத் தோல் அருகில் வந்தால் பச்சையாக ஒளிரும்.

பரிதி அதை வாங்கியதே வேலைக்கு வரும் புஷ்பத்தைப் பிடிக்கத்தான். நாயைத் தொடுமுன் அவள் கைகழுவ, தனியாக ஒரு மருந்து சோப்பே வைத்திருந்தார்.

"இவதான் ஒட்டவெச்சிருப்பா. இன்னியோட வேலைய விட்டு நிறுத்திடலாம்," என்றார், அவள் காதுபடவே.

புஷ்பம் நாயருகே இரு கைகளையும் நீட்டினாள். பட்டை ஒளிரவில்லை.

"இன்னும் கிட்ட காட்டு," என்று பரிதியே குனிந்து நாயைத் தூக்கினார். பட்டை அவர் இடுப்பருகே பச்சையாக எரிந்தது.

"இடுப்புல என்னங்க?" என்றாள் மனைவி சுகந்தி. "வெறும் வேர்க்குருன்னுதானே பவுடர் போட்டுக்கிட்டிருந்தீங்க?"

பரிதி நாயை இறக்கிவிட்டார். அது வாலாட்டியபடி மறுபடி அவர் மேலேயே ஏறியது.

"கைகழுவிட்டுத் தூக்குங்க சார்," என்றாள் புஷ்பம்.

அவர் குழாயடிக்குப் போனார். அவள் கைகழுவியே தேய்ந்து சில்லாகிப்போன அந்த மருந்து சோப்பு, அவர் விரல்களில் அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது.